வெடிக்கிற சோடியமும் சமையல் உப்பும்

காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டுத் தெளிவாகாமல் விடமாட்டார். போன மாதம் ரத்தப் பரிசோதனைத் தாளைச் சட்டைப்பையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, இதுல சோடியம்னு போட்டு 138-ன்னு எழுதியிருக்கான். சோடியத்தைத் தண்ணியில போட்டா தீப்பிடிக்கும்னு என் பேரன் புஸ்தகத்துல படம் போட்டிருக்கு. எனக்குள்ள அஞ்சு லிட்டர் ரத்தம் ஓடுது. அப்புறம் எப்படித் தீப்பிடிக்காம நடந்துக்கிட்டு இருக்கேன்?"

இருவரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சாதாரணமானதல்ல. முப்பத்தோரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, இதைவிட நல்ல கேள்வியை வகுப்பில் கேட்டவர்கள் ஒரு கை விரலுக்குள்தான் இருப்பார்கள். மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றி அவருக்குப் பதில் சொன்னேன். அதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு இது வெறும் பள்ளிப் பாடம் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

சோடியம் ஓர் உலோகம். கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மெது. வெட்டிய இடம் வெள்ளிபோல மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். காற்றும் ஈரமும் படக்கூடாது என்று மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்போம். மிளகளவு ஒரு துண்டை இடுக்கியில் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால், உருண்டையாகத் திரண்டு 'ஸ்ஸ்' என்று தண்ணீர்மேல் ஓடும். கொஞ்சம் பெரிய துண்டானால் மஞ்சள் சுவாலையோடு வெடிக்கும். பின்பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்து நின்று பார்க்கும் ஒரே பாடம் அதுதான்.

குளோரின் பச்சை கலந்த மஞ்சள் நிற வாயு. மூச்சில் அதிகம் போனால் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை காற்றோடு திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். அந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற பெரிய வேதியியல் அறிஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் வேறொரு வேலையாக மறுபடி வருவார்.

ஒன்று வெடிக்கும் உலோகம், மற்றொன்று விஷ வாயு. இரண்டும் சேர்ந்தால் நாம் சோற்றில் போடுகிற உப்பு. இடையில் என்ன நடந்தது?

நடந்தது ஒரே ஒரு எலக்ட்ரான் இடம் மாறியதுதான். சோடியம் அணுவின் நடுவே 11 நேர்மின் துகள்கள், சுற்றி 11 எலக்ட்ரான்கள். இதில் கடைசி எலக்ட்ரான் மட்டும் வெளிச்சுற்றில் தனியாக இருக்கிறது. குளோரினில் 17க்கு 17. அதன் வெளிச்சுற்றில் 7 எலக்ட்ரான்கள்; இன்னும் ஒன்று வந்தால் 8 ஆகி நிறைந்துவிடும். சோடியத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரான் குளோரினுக்குப் போய்விட்டால் சோடியத்தில் 11க்கு 10, குளோரினில் 17க்கு 18. கணக்கில் ஒன்று குறைந்த சோடியம் நேர்மின் அயனி. ஒன்று கூடிய குளோரின் எதிர்மின் அயனி. பெயரும் குளோரைடு என்று ஆகிவிடும்.

சோடியம் தண்ணீரில் ஏன் வெடிக்கிறது? அந்த ஒற்றை எலக்ட்ரானைத் தண்ணீரிடம் தள்ளிவிடுவதால்தான். அதில் பிறக்கும் சூடும், கிளம்பும் ஹைட்ரஜன் வாயுவும் சேர்ந்துதான் தீ. ஏற்கெனவே எலக்ட்ரானைக் கொடுத்து முடித்த சோடியம் அயனியிடம் இனித் தள்ளிவிட ஒன்றும் இல்லை. நண்பரின் ரத்தத்தில் ஓடுவது அந்தச் சோடியம். அதனால்தான் அவர் தீப்பிடிக்காமல் நடக்கிறார். பரிசோதனைத் தாளில் 'சோடியம்' என்று இருந்தால் 'சோடியம் அயனி' என்று படித்துக்கொள்ள வேண்டும். பொட்டாசியம், கால்சியம், குளோரைடு எல்லாமே அப்படித்தான்.

பதில் இத்துடன் முடிந்துவிட்டது என்று நண்பர் நினைத்தார். நான் விடவில்லை. இதற்குமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு வருடம் பதினொன்றாம் வகுப்பில் இந்தக் கதையைப் புள்ளியும் பெருக்கல் குறியும் போட்டு, அம்புக்குறி வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "சார், சோடியம் எதுக்கு சார் கொடுக்கணும்? அதுக்கு என்ன லாபம்?" வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

பாடப்புத்தகத்தில் சுருக்கமாகச் சொல்லும்போது, சோடியம் 'கொடுக்க விரும்புகிறது', குளோரின் 'வாங்க விரும்புகிறது' என்று வரும். கேட்கப் பொருத்தம் பார்த்து முடித்த கல்யாணம் மாதிரி இருக்கும். ஆனால் உண்மையில் சோடியம் விரும்பிக் கொடுப்பதில்லை. அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கத்தான் வேண்டும். அதற்குச் செலவு உண்டு. அன்றைக்குக் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு என்று எழுதிக் காட்டினேன். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இது எளிதாகப் புரியும்.

23 கிராம் சோடியமும் 35.5 கிராம் குளோரினும் சேர்ந்து 58.5 கிராம் உப்பு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு கிலோஜூலில்.

திடச் சோடியத்தைத் தனித்தனி அணுவாகப் பிரிக்கச் செலவு 107. ஜோடி ஜோடியாக இருக்கிற குளோரினைத் தனித்தனியாக்கச் செலவு 122. சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கச் செலவு 496. மொத்தச் செலவு 725.

குளோரின் எலக்ட்ரானை வாங்கும்போது கிடைக்கும் வரவு 349.

அவ்வளவுதான். 725 செலவு, 349 வரவு. நிகர நஷ்டம் 376. பிடுங்குவதற்கும் வாங்குவதற்கும் உள்ள கணக்கை மட்டும் பார்த்தால்கூட 147 நஷ்டம். கொடுக்கல் வாங்கலோடு கதை முடிந்தால் உப்பு என்ற பொருளே உண்டாகியிருக்காது.

பிறகு லாபம் எங்கிருந்து வருகிறது? ஒன்று சேர்ந்து நிற்பதிலிருந்து வருகிறது. நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் இழுத்துக்கொண்டு வந்து அடுக்கடுக்காக நிற்கும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. இதற்குப் படிகக்கூடு ஆற்றல் என்று பெயர். 787-இல் 376-ஐக் கழித்தால் 411 மிச்சம். சோடியமும் குளோரினும் சேரும்போது பறக்கிற வெளிச்சமும் சூடும் இந்த 411தான்.

இப்படி வரவு செலவாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1919-இல் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் மாக்ஸ் போர்ன். மற்றவர் நாம் முன்பு பார்த்த அதே ஹேபர். அதே மனிதரின் பெயர் குளோரின் போரிலும் இருக்கிறது, உப்பின் கணக்கிலும் இருக்கிறது.

அந்த மாணவி கரும்பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ கொடுத்ததுல லாபம் இல்ல சார். கூட இருக்கிறதுலதான் லாபம்." நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். அயனிப் பிணைப்பைப் பற்றி அதற்குமேல் சொல்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

'கூட இருக்கிறது' என்றால் ஒரு சோடியத்துக்குப் பக்கத்தில் ஒரு குளோரின் என்று ஜோடியாக இருப்பதல்ல. ஒரு உப்புக் கல்லுக்குள் ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகள்: முன்னால், பின்னால், இடம், வலம், மேல், கீழ். அதேபோல ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம். எலக்ட்ரானை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கே அங்கே கிடையாது. எந்தச் சோடியமும் எந்தக் குளோரைடுக்கும் சொந்தமில்லை. பக்கத்தில் நிற்கும் ஆறு பேரும் இழுப்பார்கள். அதற்கு அடுத்து நிற்கும் பன்னிரண்டு பேர் தன் இனம், அவர்கள் தள்ளுவார்கள். அதற்கும் அடுத்த எட்டுப் பேர் மறுபடி இழுப்பார்கள். இழுப்பதையும் தள்ளுவதையும் கடைசிவரை கூட்டிக் கழித்துப் பார்த்தால், அதே தூரத்தில் ஒரு ஜோடி தனியாக நிற்பதைவிட ஏறத்தாழ 1.75 மடங்கு அதிக இழுப்பு கிடைக்கிறது. ஊரோடு இருப்பதன் பலம் அது.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு தூள் உப்புத் துகளில் இப்படி ஏறத்தாழ ஆறாயிரம் கோடி கோடிச் சோடியமும் அதே அளவு குளோரைடும் வரிசை பிசகாமல் நிற்கின்றன.

இதை முதலில் கண்டு சொன்னபோது பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. 1913-இல் லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர், வயது 23, எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தின் உள் அமைப்பைக் கணித்தார். 1915-இல் அவருக்கும் அவருடைய தந்தைக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் உப்பில் தனித்தனி 'மூலக்கூறு' என்பதே இல்லை, சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி அயனிகள்தான் நிற்கின்றன என்பதை ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கிலேய வேதியியல் பேராசிரியரால் ஏற்கவே முடியவில்லை. 1927-இல், தம்முடைய 79-ஆம் வயதில், 'நேச்சர்' இதழுக்குக் கோபமும் கிண்டலுமாக ஒரு கடிதம் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்து எனக்குச் சந்தோஷம். என்ன செய்ய, உப்பு பிராக் சொன்னபடிதான் இருந்தது.

இதற்கெல்லாம் நம் அடுக்களையிலேயே சாட்சி இருக்கிறது.

முட்டிவலிக்கு உப்பு ஒத்தடம் கொடுத்திருப்பீர்கள். இரும்புச் சட்டியில் கல் உப்பைப் போட்டு எவ்வளவு வறுத்தாலும் அது உருகாது. உள்ளே அடைபட்ட ஈரம் சூடாகிப் படபடவென்று பொரியும், அவ்வளவுதான். அதே சட்டியில் சீனியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் இளகிப் பாகாகிக் கருகிவிடும். சீனியின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் அடுப்புச் சட்டியில் அது நடக்காது.

இவ்வளவு உறுதியானது என்றால் அடித்தால் உடையக் கூடாதே? உடைகிறதே! அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கல் உப்பு பளிச்சென்று பிளக்கும். இரும்பாணி வளையும், உப்பு வளையாது. காரணம், அடிக்கும்போது ஒரு வரிசை ஒரு அடி நகர்ந்துவிட்டால் போதும், சோடியத்துக்கு நேரே சோடியமும் குளோரைடுக்கு நேரே குளோரைடும் வந்துவிடும். அதுவரை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நொடியே தள்ளத் தொடங்குவார்கள். பிளவு நேர்கோட்டில் விழும்.

அடுத்து எண்ணெய். சூடான எண்ணெயில் உப்பைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய்க் கிடக்கும், கரையாது. தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். 801 டிகிரிச் சூட்டுக்குத்தான் அசைகிற ஒன்றைப் பச்சைத் தண்ணீர் எப்படிப் பிரிக்கிறது?

தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு முகம் உண்டு. ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். உப்புக் கல்லின் மூலையில் நிற்கும் சோடியத்தை நான்கைந்து தண்ணீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிச் சூழ்ந்துகொள்ளும். குளோரைடை ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டிச் சூழ்ந்துகொள்ளும். மேலும், தண்ணீருக்குள் வந்துவிட்டால் இரண்டு அயனிகளுக்கும் இடையே உள்ள இழுப்பு, ஏறத்தாழ 80-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பிரிக்க ஆகும் செலவும், தண்ணீர் சூழ்வதால் வரும் வரவும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அதனால்தான் உப்புக் கரையும்போது பாத்திரம் சுடுவதும் இல்லை, பெரிதாகக் குளிர்வதும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் பிரித்தது அவர்கள் சேர்ந்து நின்றதைத்தான். எலக்ட்ரான் இடம் மாறியதை அல்ல. கரைந்த உப்பில் சோடியம் அயனி அயனியாகவே இருக்கிறது, குளோரைடு குளோரைடாகவே இருக்கிறது. எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கவைக்க மின்சாரம் வேண்டும். ஹம்ஃப்ரி டேவி 1807-இல் சோடியத்தை முதன்முதலாகத் தனியே பிரித்தது, உருகிய காஸ்டிக் சோடாவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தித்தான்.

உப்பைத் தண்ணீரில் போட்ட உடனேயே அயனிகள் பிரிந்து திரிகின்றன, மின்சாரம் பாய்ச்சத் தேவையில்லை என்று சொன்னவர் ஸ்வீடனைச் சேர்ந்த அரீனியஸ். 1884-இல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகத்தில் மிகக் குறைந்த தரம்தான் போட்டார்கள். 1887-இல் தன் கருத்தை இன்னும் தெளிவாக எழுதினார். 1903-இல் நோபல் பரிசு வந்தது. அவர் சொன்ன அந்தத் தனித்தனியாகத் திரியும் அயனிகளால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம்.

நம் ரத்தநீரில் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் அயனி இருக்க வேண்டும். நண்பரின் 138 என்றால் லிட்டருக்குச் சுமார் 3 கிராம் சோடியம். அதற்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தோம்.

என் அக்காவுக்கு அப்போது 76 வயது. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில் மகள் வீட்டில் இருந்தாள். ஒரு வாரமாகச் சோர்ந்து கிடந்தாள், சாப்பாடு வேண்டாம் என்றாள். பிறகு பேச்சு தடுமாறியது. மகளைப் பார்த்து எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா போய் இருபது வருடம். ராத்திரி எழுந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, வண்டி வந்துவிட்டதா என்று கேட்டாள். பார்க்க வந்தவர்கள், "வயசாயிட்டுல்லா, இனி இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறதி நோய் என்று நாங்களும் பயந்துபோனோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கிருந்த இளவயது டாக்டர் முதலில் ரத்தத்தைத்தான் எடுக்கச் சொன்னார். சோடியம் 116.

என்ன நடந்திருந்தது என்றால், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ஒன்று அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது சோடியத்தையும் சேர்த்து வெளியேற்றும். உப்பு கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தானாகவே உப்பைச் சுத்தமாக நிறுத்தியிருந்தாள். போதாததற்கு, நிறையத் தண்ணீர் குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்று செல்போனில் வந்த செய்தியை நம்பி நாளைக்கு நான்கு லிட்டர் குடித்திருக்கிறாள். மூன்றும் சேர்ந்துகொண்டது.

டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். உடம்பின் செல்களுக்கு வெளியே தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திவைப்பது பெரும்பாலும் சோடியம் அயனிதான். அது குறைந்தால் தண்ணீர் செல்களுக்குள்ளே நுழைந்து அவை வீங்கும். கை கால் வீங்கினால் இடம் இருக்கிறது. மூளை வீங்கினால் மண்டை ஓட்டுக்குள் இடம் எங்கே? அதனால்தான் குழப்பம், தடுமாற்றம், சிலருக்கு வலிப்பு.

"அப்படின்னா உடனே உப்பு ஏத்திடலாமே டாக்டர்" என்று என் மருமகன் அவசரப்பட்டார். "கூடாதுங்க. ஒரு நாளைக்கு எட்டு, பத்துக்கு மேல ஏறவிட மாட்டோம். வேகமா ஏத்தினா மூளை நரம்பு கெட்டுப்போகும்" என்றார் டாக்டர். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 118, 121, 124 என்று எண் மெல்ல மெல்ல ஏறியது. ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பார்க்கும்போது, பரீட்சை முடிவு பார்க்க நிற்கிற பையன் மாதிரி எனக்குக் கை நடுங்கும்.

நான்காம் நாள் காலையில் மருமகள் கஞ்சி ஊட்டினாள். இரண்டு கரண்டி உள்ளே போனது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏல தம்பி, கஞ்சியில உப்பே இல்லையே" என்றாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், அழுதோம். இப்போதும் நன்றாக இருக்கிறாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் நல்லது என்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம்மில் பலர் சாப்பிடுவது அதைவிட அதிகம். நான் சொல்வது இவ்வளவுதான்: குறைப்பதும் நிறுத்துவதும் ஒன்றல்ல. எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்பதை மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வயதானவர் திடீரென்று ஓரிரு நாளில் குழம்பிப் பேசினால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இரண்டும் அயனிப் பாடத்தில் அடங்குபவைதான்.

இந்துப்பு சாப்பிட்டால் சோடியம் கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மலையிலிருந்து வெட்டினாலும், கடலிலிருந்து காய்ச்சினாலும், தண்ணீரில் போட்டதும் அதே சோடியம் அயனி, அதே குளோரைடு அயனி. அயனிக்குச் சொந்த ஊர் கிடையாது.

'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்பதில் சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் அதே ஒரு நேர்மின் சுமை. அதுவும் உப்பாகவே கரிக்கிறது. ஆனால் உடம்பு இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்லை. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தப்பிப்போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு நான் இவ்வளவு நேரம் சொன்னதைக் கையால் தெரியும். கடல்நீரோ, கிணற்று உவர்நீரோ, பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி வெயிலில் வற்றவிடுவார்கள். தண்ணீர் குறையக் குறைய, சூழ்ந்து நிற்க ஆள் இல்லாமல் அயனிகள் மறுபடி ஒன்றையொன்று தேடிச் சேரும். எல்லாம் ஒரே நேரத்தில் சேராது. முதலில் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாக இறங்கிவிடும். அதன்பிறகு அடுத்த பாத்தியில் சோடியமும் குளோரைடும். மெக்னீசியம் தண்ணீரைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கசப்பு நீரைத் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள். சரியாக விடாத உப்புதான் மழைக்காலத்தில் நம் ஜாடியில் கசிந்து நிற்பது. ஐப்பசியில் உப்பு ஜாடி ஈரமாக இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மெக்னீசியம் குளோரைடு. பாத்திக்குள் கண் கூசும் வெயிலில் வெறுங்காலோடு நின்று வாருகிறவர்களின் பாதம் வெடித்துக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். நமக்கு ஒரு சிட்டிகை, அவர்களுக்கு ஒரு நாள் பாடு.

உப்பளத்துக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கல் உப்பைப் போட்டு, இனிக் கரையாது என்கிறவரை கலக்குங்கள். 100 மில்லி தண்ணீருக்கு ஏறத்தாழ 36 கிராம் பிடிக்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு தட்டையான தட்டில் ஊற்றி, காற்று அதிகம் படாத இடத்தில் மூன்று நான்கு நாள் ஆடாமல் அசையாமல் வைத்துவிடுங்கள். மெதுவாக வற்றினால் படிகம் பெரிதாக வரும். பிறகு பேப்பர் படிக்க வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பெரும்பாலானவை சின்னச் சின்னக் கனசதுரமாக, மூலைகள் செங்கோணமாக இருக்கும். யாரும் அளந்து வெட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கமும் ஆள் வேண்டும் என்பதால் அப்படித்தான் நிற்க முடியும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது செய்தால் இன்னும் நல்லது. 'இதுக்கு என்ன லாபம்?' என்று அவர்களில் யாராவது கேட்டால், மேலே எழுதிய வரவு செலவைக் காட்டுங்கள்.